வளைவில் நட்ட போர்டு

எங்கள் ஓட்டல் சங்கரன்கோவிலுக்கு வடக்கே ராஜபாளையம் ரோட்டில் இருக்கிறது. ரோட்டில் என்று சொல்வது பழக்கதோஷம். ரோட்டை அகலப்படுத்தி மேடாக்கிய பிறகு ஓட்டல் ரோட்டுக்குக் கீழே போய்விட்டது. காரில் வருகிறவர்கள் கண்ணுக்கு எங்கள் தகரக் கூரையின் விளிம்பும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் தெரியும், அவ்வளவுதான். இது ஓட்டலா கோழிப்பண்ணையா என்று யோசித்து முடிப்பதற்குள் வண்டி தாண்டிப் போயிருக்கும்.

பள்ளத்தில் எனக்குத் துணையாக இன்னொரு கடை இருந்தது. பஞ்சர் கடை. கடைக்காரர் கடையநல்லூர்க்காரர். நான் அவரை பாய் என்பேன். என்னைவிட வயதில் மூத்தவர் என்றாலும் அவர் என்னை அண்ணாச்சி என்பார். சவுதியில் பல வருடம் டயர் கடையில் வேலை பார்த்தவர். அங்கே கழற்றி மாட்டிய டிரெய்லர் டயர்களின் உயரத்தைக் கையைத் தூக்கிக் காட்டுவார். வருடத்துக்கு வருடம் அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமாக மேலே போய்க்கொண்டிருந்தது. காலையில் புளியங்குடி வழியாக சங்கரன்கோவில் வந்து, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் எங்கள் ஸ்டாப்பில் இறங்குவார். சாயங்காலம் அதே வழியாகத் திரும்புவார். எங்கள் கடைகளுக்கு வடக்கே போகிற வேலை அவருக்கு வருவதில்லை. நடந்ததெல்லாம் அதனால்தான் என்று எழுத வந்தேன். அதனால் இல்லை, என்னால்தான்.

எங்கள் இரண்டு பேருக்கும் பிழைப்பு வடக்கேயிருந்துதான் வரும். தெற்கேயிருந்து வருகிறவர்கள் அப்போதுதான் ஊருக்குள் சாப்பிட்டு, காற்றடித்து, எல்லாம் முடித்து வருவார்கள். வடக்கேயிருந்து வருகிறவர்கள் வெயிலில் வெகுதூரம் வந்து சலித்துப்போயிருப்பார்கள். அவர்களை நிறுத்தத்தான் வழியோரத்தில் போர்டு வேண்டும். அரசாங்கம் நட்ட நீலப் பலகைகள் உண்டு. பெட்ரோல் பம்பு படமும், கரண்டியும் முள்ளும் சேர்ந்த படமும் போட்டு அழகாக இருக்கும். அதில் எங்களைப் போன்ற பள்ளத்துக் கடைகளுக்கு இடம் கிடையாது. நாங்களே சொல்லிக்கொண்டால்தான் உண்டு.

பாய் அதைச் சிக்கனமாகச் செய்திருந்தார். கடைக்கு வடக்கே அரைக் கிலோமீட்டரில் ரோடு வளைகிற இடத்தில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. ஒரு பழைய டயரில் வெள்ளை பெயின்டால் ‘பஞ்சர்’ என்று எழுதி, அம்புக்குறி போட்டு, கடை வைத்த புதிதில் அந்த மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். எழுத்துத் தெரியாதவனுக்கும் டயர் தொங்கினால் விஷயம் புரிந்துவிடும். எங்கள் வாசலில் நின்று பார்த்தால் தூரத்தில் அது கறுப்பாகத் தெரியும். பாய் காலையில் வந்ததும் கடையைத் திறப்பதற்கு முன் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார்.

எனக்குச் சிக்கனம் வராது. ஒரு ஐயப்ப சீசனுக்கு முன்னால், ஊருக்குள் இருக்கிற ஒரு கடையில் ஆளுயரத்துக்குமேல் ஒரு தகர போர்டு செய்தேன். ‘சைவ உணவகம்’ என்று பெரிதாக, அதன் கீழே ஒரு மசால் தோசை படம். அந்த அளவுக்குத் தோசை சுடுகிற கல் எங்களிடம் இல்லை. தூரம் எவ்வளவு போடலாம் என்று கேட்டான் போர்டு செய்தவன். அரைக் கிலோமீட்டர் என்றேன்.

“அரைக் கிலோமீட்டர்னு போட்டா எவன் நிப்பான் அண்ணாச்சி? எரநூறு மீட்டர்னு போடுங்க. எல்லாரும் அப்படித்தான் போடுதாங்க.”

அப்படித்தான் போட்டோம். கடைசி வரியாக ‘சுத்தமான கழிப்பறை வசதி உண்டு’ என்று என் மனைவி சேர்க்கச் சொன்னாள். அடுப்படி அவள் பொறுப்பு. வியாபார மூளையும் அவளுடையதுதான். அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் பாதி வண்டிகள் நின்றன என்பது பிறகு தெரிந்தது. பெண்கள் இறங்கிப் பின்பக்கம் போவார்கள். ஆண்கள் சும்மா நிற்கக் கூச்சப்பட்டு டீ சொல்வார்கள். டீ வந்தால் வடை தானாக வரும்.

போர்டை நட்டது ஒரு வெள்ளிக்கிழமை காலை. பாய் வெள்ளிக்கிழமை கடை திறப்பதில்லை. ராகு காலம் பிறப்பதற்குள் நட்டுவிட வேண்டும் என்று மனைவி ஒற்றைக் காலில் நின்றாள். வேப்பமரத்துக்குத் தெற்கே குழி தோண்டத் தொடங்கினோம். ஒரு முழம் போவதற்குள் பாறை தட்டியது. கடப்பாரை போட்டால் டிங்கென்று எழும்பியது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. மரத்துக்கு வடக்கே போய் ஒரு குத்துக் குத்திப் பார்த்தேன். மண் பொலபொலவென்று வந்தது. அங்கேயே தோண்டினோம். மனைவி குழிக்குள் நவதானியம் போட்டு, பால் ஊற்றி, சங்கரன்கோவிலில் பிரசாதமாகக் கொடுக்கிற புற்றுமண்ணை மஞ்சள் துணியில் முடிந்து போட்டாள். புது வீட்டுக்கு நிலை வைக்கிற மாதிரியே கற்பூரம் காட்டிக் கும்பிட்டோம். மரத்தில் என்ன தொங்குகிறது என்று நிமிர்ந்து பார்க்கிற நிலையில் யாரும் இல்லை.

மறுநாள் பாய் வந்து வாசலில் நின்று வளைவைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“அண்ணாச்சி, ஒங்க போர்டுக்குப் பின்பக்கம் வெள்ளையால்லா இருக்கு! எங்க டயரு இப்பத்தான் எடுப்பாத் தெரியுது.”

தெற்கே நின்று பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது. வெள்ளைத் தகரத்துக்கு முன்னால் கறுப்பு டயர், கண்ணில் அறைந்த மாதிரி. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. போர்டு போட்டதில் பக்கத்துக் கடைக்காரருக்கும் நல்லது செய்துவிட்டோம் என்று அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

அந்தக் கார்த்திகையும் மார்கழியும் எங்கள் ஓட்டல் ஓடிய ஓட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மாவு அரைத்து மாளவில்லை. எல்லாம் புற்றுமண் ராசி என்றாள் மனைவி. பக்கத்தில் பாய் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீசனில் அவருக்குத் தலைக்குமேல் வேலை இருக்கும். அந்த வருடம் காற்றடிக்கக்கூட ஆள் வரவில்லை. அவரே காரணமும் கண்டுபிடித்துவிட்டார்.

“எல்லாம் டியூப்லெஸ் பண்ணுத வேல அண்ணாச்சி. ஆணி ஏறினாலும் அவன் பாட்டுக்குப் போறான். டயருன்னா உள்ள டியூப் இருக்கணும். இது என்ன, கொடலு இல்லாத வயிறு!”

“ஆமா பாய், காலம் மாறிட்டு” என்றேன். மனதாரத்தான் சொன்னேன், அப்போது.

தை மாதம் ராஜபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் முன்படிக்கட்டை ஒட்டிய ஸீட் கிடைத்தது. என் போர்டை வழிப்போக்கன் மாதிரி உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. பக்கத்தில் இருந்தவரிடம் வேறு, “இந்தா, வளைவுல ஒரு போர்டு வரும் பாருங்க” என்று சொல்லிவைத்திருந்தேன். வந்தது. தோசை பளபளவென்று நின்றது. நன்றாக இருக்கிறது என்றார் அவர். வேப்பமரம் வந்தது. டயரைக் காணோம். யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அது எங்கும் போகவில்லை. என் தோசைக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

என் மனதில் முதலில் வந்தது, ஐயோ பாய் பாவம் என்ற நினைப்பு இல்லை. வேறு யாரும் இதைக் கவனித்திருப்பார்களா என்ற நினைப்புதான். அதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் பாய், “கல்யாணச் சாப்பாடு எப்படி?” என்று கேட்டார். நல்ல சாப்பாடு என்றேன். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். போர்டு உங்கள் டயரை மறைக்கிறது பாய், நாளைக்கே மாற்றிவிடுகிறேன். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஆனால் சொன்னால் ஒரு சீசன் முழுக்க அவர் பிழைப்பு என் தகரத்துக்குப் பின்னால் கிடந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். சத்தம் காட்டாமல் மாற்றிவிட்டால் போச்சு என்று முடிவு செய்தேன். மாற்றலாம் என்றால் புற்றுமண் போட்டு நட்ட போர்டின் காலைப் பிடுங்க வேண்டும். மனைவி சம்மதிப்பாளா? ராசியான இடம் என்று தினமும் சொல்கிறவள். இப்படியே தை போனது.

மாசியில் ஒரு மத்தியானம் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். பாய் பார்த்துவிட்டார்.

“என்ன அண்ணாச்சி, கடப்பாரைய எங்க தூக்கிட்டுப் போறிய?”

“ஒரு பாம்பு போச்சு பாய்” என்றது என் வாய்.

அவர் டயர் கழற்றும் கம்பியை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டார். இல்லாத பாம்பை இரண்டு பேரும் கடைக்குப் பின்னால் கருவேல மரங்களுக்கிடையே தேடினோம். எனக்குக் காலில் செருப்பு மட்டும்தான் என்பதால் என்னைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு அவர் முன்னால் போனார். வியர்வை ஊற்றி, மூச்சு வாங்கித் திரும்பி வந்தவருக்கு மோர் கொடுத்தேன். கொடுத்த கை எனக்கே பிடிக்கவில்லை.

வேறு வழியும் பார்த்தேன். “பாய், அந்த டயர எடுத்து இன்னும் கொஞ்சம் வடக்க உள்ள மரத்துல கட்டுனா என்ன?” என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன்.

“எதுக்கு அண்ணாச்சி? எல்லாருக்கும் பழகுன எடம். இப்ப ஒங்க போர்டு வேற பக்கத்துல இருக்கு, தெரியாதவனுக்கும் தெரியும்.”

அதற்குமேல் என்ன சொல்வது? சொல்ல ஒன்று இருந்தது, அதைத்தான் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக அவர் இலையில் நெய் கூட விழுந்தது. கேட்காமலே இரண்டாவது வடை போனது. பொங்கலில் முந்திரி அவருக்கு மட்டும் எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. பாய் அதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். டீ குடிக்க நிற்கிற லாரி டிரைவரிடம்கூட, “இந்த அண்ணாச்சி மாதிரி ஒரு மனுசன் கெடைக்கணுமே” என்பார். நான் உள்ளே போய்ச் சட்னியைக் கிண்டிக்கொண்டு நிற்பேன்.

நோன்பு மாதம் வந்தது. பகலெல்லாம் பாய் எச்சில்கூட விழுங்காமல் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, வராத வண்டிக்குக் காத்திருப்பார். வண்டி கிடையாது என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. சாயங்காலம் நோன்பு திறக்கிற நேரத்துக்கு மனைவி சூடாக வடை போட்டுக் கொடுப்பாள். நான் கொண்டுபோய் வைப்பேன். அவர் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, கையை ஏந்திக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் அது வழக்கத்தைவிட நீண்டது.

“ஒங்க கடை நல்லா ஓடணும்னு துஆ கேட்டேன் அண்ணாச்சி” என்றார் கண்ணைத் திறந்து. “நோம்பு தொறக்குத நேரத்துல கேட்டா அல்லா குடுப்பான்.”

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவருடைய துஆவையும் நான்தான் தின்றுகொண்டிருந்தேன். பெருநாள் முடியட்டும், கட்டாயம் சொல்லிவிடுகிறேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன். பெருநாளும் முடிந்தது. பாய் வீட்டிலிருந்து தூக்குச் சட்டியில் சேமியா வந்தது. அதையும் சாப்பிட்டேன்.

சித்திரையில் பாய் கடையைக் காலி செய்தார். கோயம்புத்தூரில் மருமகன் செருப்புக் கடை வைத்திருக்கிறான், அங்கே போய் இருக்கப்போகிறேன் என்றார். செருப்புக் கடையில் பாய்க்கு என்ன வேலை என்று கேட்டேன்.

“வாரவங்களுக்குப் பெட்டிய எடுத்துக் குடுக்க வேண்டியதுதான். மருமவன் கடையில போயி நிக்கது ஒரு மாதிரித்தான் இருக்கு. என்ன செய்ய அண்ணாச்சி, டியூப்லெஸ் வந்து நம்மள முடிச்சிட்டுல்லா.”

காற்றடிக்கும் மிஷினை ஆட்டோவில் ஏற்ற நான் ஒரு பக்கம் பிடித்தேன். கனமாக இருந்தது. “பாத்து, பாத்து, ஒங்களுக்கு இடுப்பு வலி” என்று அவர் தன் பக்கமே பாரத்தை இழுத்துக்கொண்டார். ஆட்டோ தெற்கே போனது. அவர் கடைசி வரைக்கும் வடக்கே போகவே இல்லை.

அவர் போய்ச் சில நாள் கழித்து மனைவி, “பாய் இல்லாம பக்கத்துல வெறிச்சுன்னு இருக்கு” என்று சொன்னாள். இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தை மாதத்திலிருந்து தெரியும் என்பதையும் சொன்னேன். புற்றுமண் போட்ட கால், நீ சம்மதிக்க மாட்டாய் என்றுதான் கேட்கவில்லை என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா? அந்த மண்ண எடுத்து இன்னொரு குழியில போட மாட்டேனா? நாம நல்லாருக்கணும்னு போட்டேன். அடுத்தவன் வயித்துல அடிக்கதுக்கா போட்டேன்? ஒங்களுக்கு மாத்த மனசில்ல. அதுக்கு என் புத்துமண்ணு ஒரு சாக்கு.”

ஒரு வார்த்தையும் பொய்யில்லை. போர்டை மாற்றினால் கூட்டம் போய்விடுமோ என்று பயந்தது நான்தான். அந்தப் பயத்துக்கு மாதக்கணக்கில் அவள் பெயரை வைத்திருந்தேன். அன்றைக்கே அடுப்பை அணைத்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வளைவுக்கு நடந்தாள். நல்ல நேரம் பார்க்கவில்லை. மரத்துக்குத் தெற்கே, முன்பு பாறை தட்டிய இடத்துக்கு நாலு எட்டுத் தள்ளிக் குத்தினேன். மண் இறங்கியது. முதல் தடவையே நாலு எட்டுத் தள்ளிக் குத்தியிருக்கலாம். மஞ்சள் துணி முடிச்சை அவள் பழைய குழியிலிருந்து எடுத்துப் புதிய குழியில் போட்டாள். போர்டை அங்கே மாற்றி நட்டோம். டயர் வடக்கே பார்த்துப் பளிச்சென்று தொங்கியது. எங்கள் வியாபாரம் கொஞ்சம்கூடக் குறையவில்லை.

பாய்க்குப் போன் போட்டேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். பாம்பையும் விடவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டுவார் என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அவர் சிரித்தார்.

“அட, நீங்க வேற அண்ணாச்சி! போர்டு மறைச்சா ஒண்ணு ரெண்டு போயிருக்கும். மொத்தமும் போவுமா? இது டியூப்லெஸ் வந்த கோளாறு, நான் சொல்லுதேன்லா. நான் ஊர விட்டுப் போன வருத்தத்துல நீங்க என்னத்தையோ மனசுல போட்டுக் கொழப்புதிய. வீட்ல அக்காவக் கேட்டேன்னு சொல்லுங்க.”

“திரும்பி வாங்க பாய். டயர் இப்ப நல்லாத் தெரியுது” என்றேன்.

“மிஷின வித்துட்டேனே” என்றார். “வெறும் கைய வச்சுக்கிட்டு என்ன செய்ய?”

அவர் நம்பவே இல்லை. அவருக்கு டியூப்லெஸ்மேல் இருந்த கோபத்தில் எனக்குப் பங்கு தர மறுத்துவிட்டார். போனை வைத்த பிறகு முன்னைவிட மோசமாக இருந்தது.

டயர் மட்டும் மரத்தில் கிடந்தது. ஆள் இல்லாத கடைக்கு எதற்கு அது என்று ஏணியை எடுத்துக்கொண்டு போனேன். பாதி ஏறிவிட்டு இறங்கிவிட்டேன். மறைத்ததும் நான், இறக்குவதும் நானா?

சங்கரன்கோவில் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வடக்கேயிருந்து சனம் வந்துகொண்டிருந்த ஒரு நாள், உச்சி வெயிலில் ஒருவர் பைக்கைத் தள்ளிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். பின்னால் அவர் மனைவி, இடுப்பில் குழந்தை. ஆடிக்காற்று புழுதியை வாரி அடித்ததில் மூன்று பேர் முகமும் வெளுத்திருந்தது. பூட்டிக் கிடந்த பாய் கடையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“பஞ்சர் கடைக்காரர் எங்க?”

“இல்ல. ஊர விட்டுப் போயிட்டார்” என்றேன்.

“எப்ப?”

“சித்திரையில.”

அவருக்கு வந்தது பாருங்கள் கோபம்! பைக் ஸ்டாண்டைக் காலால் எத்தி நிறுத்தினார்.

“அப்ப என்ன மயித்துக்கு அந்த டயரத் தொங்கவிட்டிருக்கீரு? அத நம்பித்தான கைப்பிள்ளய வச்சுக்கிட்டு இந்த வெயில்ல தள்ளிட்டு வந்தோம்? மனுசனா வே நீரு?”

அவருடைய மனைவி, “சும்மா இருங்க, அவர் என்ன செய்வாரு” என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். எங்கள் ஆட்கள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்கு முன்கோபம் உண்டு என்று அவர்களுக்குத் தெரியும். நான் தலையைக் குனிந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவருக்கே மூச்சு வாங்கிவிட்டது, நிறுத்திவிட்டார். இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம்.